வௌவாலுக்காக மூடப்படும் சைக்கிள் சுரங்கம்... பிரான்ஸ் கிராமங்களில் கார் இல்லாத பாதைகள் உருவானது எப்படி?

பிரான்ஸின் பர்கண்டி பகுதியில், க்ளூனிக்கும் மாகோனுக்கும் நடுவில் ஒரு சுரங்கம் இருக்கிறது. பெயர் புவா க்ளேர். நீளம் சுமார் 1.6 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயில் போன சுரங்கம் இது. இப்போது சைக்கிளும், நடந்து போகிறவர்களும் மட்டும்தான். அதுவும் வருஷம் முழுக்க கிடையாது. குளிர்காலம் வந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். காரணம், உள்ளே வௌவால்கள் உறங்கும். அந்த நேரத்தில் வருகிற சைக்கிள்காரர்கள் மேலே இருக்கிற மலைக்கணவாயை மிதித்து ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

வௌவாலுக்கும் சைக்கிளுக்கும் இடம் இருக்கு, காருக்கு இல்லை. இப்படிப்பட்ட பாதைகளுக்கு பிரெஞ்சில் 'வுவா வேர்த்' என்று பெயர். நேரடி அர்த்தம், பச்சைப் பாதை.

அது என்ன பச்சைப் பாதை?

சாலை ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டு ஒதுக்குகிற சைக்கிள் டிராக் இல்லை இது. சாலையே தனி. 2004-ல் பிரான்ஸ் தன் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கு முறைப்படி விளக்கம் சேர்த்தது. மோட்டார் இல்லாத வாகனங்கள், நடப்பவர்கள், குதிரையில் வருகிறவர்கள் ஆகியோருக்கு மட்டுமான பாதை என்பதுதான் அந்த விளக்கம். நுழைவில் நீல நிறச் சதுரப் பலகை இருக்கும். அதில் ஒரு சைக்கிள், ஒரு நடைபயணி, ஒரு குதிரைக்காரர் என மூன்று வெள்ளை உருவங்கள். மிதிக்கும்போது மட்டும் உதவுகிற, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிடுகிற எலெக்ட்ரிக் சைக்கிள்களும் போகலாம். 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ரகத்தை அங்கே மொபெட் கணக்கில் வைத்திருப்பதால் அதற்கு அனுமதி இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2022-ல் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். உள்ளூர் நிர்வாகம் அனுமதித்தால் சில மோட்டார் வாகனங்களும் வரலாம். அதனால், வளைவைத் திரும்பினால் எதிரே டிராக்டர் நிற்கவே நிற்காது என்று நினைத்துக்கொண்டு கண்மூடித்தனமாகப் போகக் கூடாது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பிரான்ஸில் கிராமத்துச் சாலைகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 2018 ஜூலையில் இருந்து இருவழிச் சாலைகளுக்கான பொதுவான வேக வரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர். அதற்கு முன்பு 90. சில மாவட்டங்கள் மறுபடியும் 90-க்கே போய்விட்டன. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஓரமே இல்லாத குறுகிய ரோட்டில், பின்னால் பிள்ளைகள் வர, அந்த ஒன்றரை மீட்டரை மட்டும் நம்பி எத்தனை பேர் கிளம்புவார்கள்?

ரயில் போனது, பாதை மிஞ்சியது

1879-ல் பிரான்ஸின் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தவர் சார்ல் த ஃப்ரெசினே. சின்னச் சின்ன நிர்வாக நகரங்களைக்கூட ரயிலால் இணைத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட பெரிய திட்டம். அந்தக் கால அரசியல்வாதிகளுக்குத் தங்கள் ஊருக்கு ரயில் வருவது கௌரவப் பிரச்னை. அதனால் ஆள் நடமாட்டம் குறைவான பள்ளத்தாக்குகளுக்கும் தண்டவாளம் போனது. பிறகு பஸ் வந்தது, கார் வந்தது. 1930-களில் தொடங்கி ஒவ்வொரு கிளைப்பாதையாக மூடினார்கள். தண்டவாளம் துருப்பிடித்தது, முள்செடி மூடியது.

ஆனால் கீழே இருந்த மண்மேடு, பாலம், சுரங்கம் எல்லாம் அப்படியே இருந்தன. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் இந்தப் பாதைகளின் ஏற்றம் பொதுவாக 3 சதவீதத்தைத் தாண்டாது. அதாவது 100 மீட்டர் போனால் 3 மீட்டர்தான் உயரும். குழந்தையோ பெரியவரோ மூச்சு வாங்காமல் மிதிக்கலாம்.

1997-ல் பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையிலான பழைய ரயில் பாதை, 44 கிலோமீட்டர், சைக்கிளுக்குத் திறக்கப்பட்டது. பிரான்ஸின் முதல் பச்சைப் பாதை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே, நாடு முழுக்க சைக்கிள் வழித்தடங்களுக்கான தேசிய வரைவுத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது.

போர்தோ பக்கம் இன்னொன்று இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சோவ்தேர்-த-கியென் என்ற சிற்றூர் வரை போகிற பழைய ரயில் பாதை. இதற்கு வைத்திருக்கிற பெயர் ரோஜே லாபெபி. 1937-ல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர் அவர். மெதுவாகப் போகிறவர்களுக்கான பாதைக்கு வேகமாகப் போனவர் பெயர்!

ரயில் திரும்பி வரவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. தார் போட்டு சைக்கிள் விட்டுவிட்டால் அந்த ஊருக்கு இனி ரயில் வரவே வராது என்பது அவர்கள் பயம். மறுதரப்பு சொல்வது வேறு. பாதையாக வைத்திருந்தால்தான் நிலம் துண்டு துண்டாக விற்கப்படாமல் பொதுச்சொத்தாக இருக்கும், என்றைக்காவது ரயில் தேவைப்பட்டால் இடம் இருக்கும் என்கிறார்கள். சட்டப்படி இரண்டாவது வாதம் சரிதான். ஆனால் ஊரே வாக்கிங் போய்ப் பழகிய பாதையைப் பிடுங்கி மறுபடி தண்டவாளம் போடுவது எளிதா என்றால், இல்லை.

கைதிகள் வெட்டிய கால்வாய்

பச்சைப் பாதைகளின் இன்னொரு பாதி கால்வாய்க் கரைகள். படகைக் குதிரையும் மனிதர்களும் கயிறு கட்டி இழுத்த காலத்தில், கரையோரம் அவர்கள் நடப்பதற்கென்று ஒரு பாதை இருந்தது. அதுதான் இன்று சைக்கிள் பாதை.

இதில் பிரிட்டனி பகுதியில் ஓடும் நாந்த் - ப்ரெஸ்ட் கால்வாய் தனி ரகம். கடலில் இங்கிலாந்துக் கப்பல்கள் மறித்துக்கொண்டு நின்றதால், கடற்படைத் துறைமுகமான ப்ரெஸ்டுக்கு உள்நாட்டு வழியாகவே சரக்கு போக வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில், 1811-ல் முடிவானது. முடிந்தது 1842-ல். அதற்குள் நெப்போலியனும் இல்லை, சண்டையும் இல்லை. நீளம் சுமார் 364 கிலோமீட்டர், மதகு அறைகள் 230-க்கும் மேல். க்ளோமெல் என்ற இடத்தில் குன்றைக் குடைந்து ஆழமான வெட்டு ஒன்று இருக்கிறது. 1823 முதல் 1832 வரை அதை வெட்டியவர்கள் ப்ரெஸ்ட் சிறையில் இருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். இன்று அதே இடத்தில் மர நிழலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. 1930 வாக்கில் கெர்லெதான் அணை வந்து கால்வாயை நடுவில் துண்டாக்கியது. அதன்பிறகு படகுகளால் முழுத் தூரம் போக முடியவில்லை. சைக்கிள்களால் முடிகிறது.

தெற்கே இருக்கிற கனால் து மிதி இன்னும் பழையது. பியர்-பால் ரிக்கே என்பவர் திட்டமிட்டு, 1666-ல் தொடங்கி 1681-ல் முடிந்த கால்வாய். துலூஸில் இருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர். 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கரை நெடுக சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006-ல் அந்த மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் இங்கே கண்டறியப்பட்டது. மருந்து கிடையாது. தண்ணீர் வழியாகவே வேருக்கு வேர் பரவும். நோய் வந்த மரத்தை வெட்டி எரிப்பதுதான் ஒரே வழி. ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். பதிலுக்கு வேறு இன மரங்களை நட்டுக்கொண்டு வருகிறார்கள். அவை நிழல் தர இன்னும் பல வருஷம் ஆகும். அதனால் பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு ஜூலை, ஆகஸ்டில் அங்கே போனால், சில இடங்களில் மொட்டை வெயிலில்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்தக் கால்வாயில் துலூஸ் பக்கம் முதல் 50 கிலோமீட்டர் வழவழப்பான தார். அதைத் தாண்டினால் பல இடங்களில் வேரும் கல்லும் நிறைந்த மண்பாதை. ஒரே வழித்தடத்தில் இப்படி மாறும் என்பதால் ரொம்ப மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம்.

லுவார் நதியோரம் போகிற, சுமார் 900 கிலோமீட்டர் நீளமான 'லா லுவார் அ வேலோ' போன்ற பிரபலமான வழிகள் முழுக்க கார் இல்லாதவை அல்ல. நடுநடுவே போக்குவரத்து குறைந்த சாதாரண ரோட்டிலும் போகும். குழந்தைகளோடு போவதாக இருந்தால் வரைபடத்தில் எந்தப் பகுதி தனிப்பாதை, எது ரோடு என்று முதலிலேயே பார்த்து வைப்பது நல்லது. 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளில் உட்கார்ந்து வருகிற குழந்தைக்கும்தான். ஊருக்கு வெளியே இரவில் ஒளிரும் ஜாக்கெட் கட்டாயம்.

தங்குவதற்கு 'அக்கேய் வேலோ' என்ற பலகை இருக்கிற இடத்தைத் தேடலாம். சைக்கிள் வழியில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளை வைத்துப் பூட்ட பாதுகாப்பான இடம் வேண்டும், ரிப்பேர் சாமான் வேண்டும். இதெல்லாம் இருந்தால்தான் அந்தப் பலகை கிடைக்கும். பழைய ரயில் நிலையங்களும் மதகுக் காவலர் வீடுகளும் பல இடங்களில் காபிக்கடையாகவும் தங்கும் விடுதியாகவும் மாறியிருக்கின்றன.

சாப்பாடுதான் சிக்கல். கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரம் மூடிவிடுவார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது, திங்களும் சந்தேகம்தான். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கு அங்கே சைக்கிள்காரர்கள் நேராகப் போகிற இடம் கல்லறைத் தோட்டம். செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். 'ஓ நோன் பொதாப்ல்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.