யூத நாட்டார் கதைகள்

யூத நாட்டார் கதைகள் என்பன, யூத மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வழங்கிவரும் மரபுக் கதைகள், உவமைக் கதைகள், நகைச்சுவைக் கதைகள் ஆகியவற்றைக் குறிக்கும். யூதர் பல நூற்றாண்டுகளாகப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தமையால், இக்கதைகள் எபிரேயம், அரமேயம், இத்திஷ், லடினோ, யூத அரபு முதலிய பல மொழிகளில் வழங்கின. சொல்லப்பட்ட கதை நூலில் ஏறுவதும், நூலில் உள்ள கதை மீண்டும் மக்கள் வாயில் புழங்குவதும் இம்மரபின் சிறப்பியல்பு ஆகும்.

தோற்றம்

யூத சமய மரபில் எழுதப்பட்ட வேதத்துடன், ஆசிரியரிடமிருந்து மாணவர் செவிவழியாகக் கற்ற வாய்மொழி வேதமும் உண்டு. வாய்மொழியாகக் கற்பிக்கப்படுவதை எழுதிவைக்கக் கூடாது என்ற கருத்தும் முற்காலத்தில் நிலவியது. எனினும் அறிவு அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஏறத்தாழ கி.பி. 200 இல் மிஷ்னாவும் பின்னர் தல்மூதும் தொகுக்கப்பட்டன. இவற்றில் சட்டம் சார்ந்த பகுதி ஹலாக்கா எனவும், கதை, வரலாறு, அறிவுரை சார்ந்த பகுதி அக்காதா எனவும் அழைக்கப்படும். சாலமோன் மன்னன் அஸ்மோதாய் என்னும் பேய்களின் அரசனைப் பிடித்த கதை பாபிலோனியத் தல்மூதில் உள்ள அக்காதாக்களுள் ஒன்று.

கதைசொல்லிகள்

கிழக்கு ஐரோப்பாவில் மக்கிட் எனப்பட்ட போதகர்கள் ஊர் ஊராகச் சென்று தொழுகைக் கூடங்களில் பேசினர். இவர்களின் முதன்மையான கருவி மாஷால் எனப்படும் உவமைக் கதை. கதை முடிந்ததும் அதன் பொருளை விளக்கும் பகுதி நிம்ஷால் எனப்படும்.

தூப்னோ நகரின் மக்கிட் என்று புகழ்பெற்ற யாக்கோபு கிரான்ஸ் (1741–1804) இக்கலையில் வல்லவர். எந்தப் பொருளுக்கும் ஏற்ற உவமை உமக்கு எவ்வாறு கிடைக்கிறது என்று அவரிடம் கேட்கப்பட்டபோது, அதற்கும் ஓர் உவமையையே விடையாகக் கூறினார் என்பர். ஒரு சிறுவனின் அம்புகள் எல்லாம் வட்டங்களின் நடுவிலேயே தைத்திருந்தன. வியந்து கேட்டவரிடம், தான் முதலில் அம்பை எய்து, பிறகு அதனைச் சுற்றி வட்டம் வரைவதாக அவன் கூறினான். அதுபோலத் தானும் நல்ல கதையை முதலில் தேர்ந்துகொண்டு, பேச்சை அதனை நோக்கி நடத்திச் செல்வதாக அவர் விளக்கினார்.

18 ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஹசிதிய இயக்கம் கதை சொல்வதையே ஒரு சமயச் செயலாக உயர்த்தியது. அதன் நிறுவனரான பால் ஷெம் தோவ் பற்றிய கதைகள் முதலில் வாய்மொழியாகப் பரவி, 1814 இல் நூலாயின. பிரெஸ்லோவ் நகரின் நாக்மன் (1772–1810) கூறிய கதைகளை அவருடைய மாணவர் நாத்தான் எழுதிவைத்தார். அவை 1815 இல் எபிரேயம், இத்திஷ் ஆகிய இரு மொழிகளிலும் ஒருசேர வெளிவந்தன.

கதைமாந்தர்

எலியா: வறியவருக்கு உதவ வழிப்போக்கனாகவோ பிச்சைக்காரனாகவோ மாறுவேடத்தில் வரும் இறைவாக்கினர். பெரும்பாலும் அவர் சென்ற பின்னரே அவர் யார் என்பது தெரியவரும்.

ஜோஹா: லடினோ, அரபு மொழி பேசிய யூதரின் கதைகளில் வரும் கோமாளி. அறிவிலி போலவும் அறிவாளி போலவும் தோன்றுவான். முல்லா நஸ்ருதீனுக்கு உறவான பாத்திரம் எனலாம்.

ஹெர்ஷலே: செல்வரையும் சமயத் தலைவரையும் தன் சொல்லால் மடக்கும் ஏழை. இத்திஷ் கதைகளில் இடம்பெறுகிறான்.

செல்ம் அறிஞர்: தம்மைப் பேரறிஞர் என எண்ணிக்கொள்ளும் அப்பாவி ஊர் மக்கள். இருண்ட இரவுகளில் பயன்படும் என்று, நீர் நிறைந்த பீப்பாயில் தெரிந்த நிலவை மூடிவைத்தவர்கள் இவர்கள். செல்ம் போலந்தில் உள்ள உண்மையான நகரம். இரண்டாம் உலகப் போருக்கு முன் அதன் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர்.

கோலம்: களிமண்ணால் செய்து உயிரூட்டப்பட்ட மனித உருவம். மந்திரத்தால் மனிதனைப் படைக்கும் செய்தி தல்மூதிலேயே உள்ளது. ஆனால் இதனைப் பிராகா நகரின் யூதா லோவ் (இறப்பு 1609) என்பவருடன் இணைக்கும் கதை 19 ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் காணப்படுகிறது. இதன் இன்றைய வடிவத்துக்கு யூதல் ரோசன்பர்க் 1909 இல் வெளியிட்ட நூல் பெரிதும் காரணமாகும்.

இந்தியத் தொடர்பு

பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியாக எபிரேயத்துக்குச் சென்றது. அந்த எபிரேய நூலை 13 ஆம் நூற்றாண்டில் காப்புவாவின் யோவான் என்பவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அதன் வழியாகவே இக்கதைகள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குப் பரவின. புத்தரின் வாழ்க்கைக் கதையும் பல மொழிகளைக் கடந்து, ஆபிரகாம் இப்னு ஹஸ்தாய் எழுதிய இளவரசனும் துறவியும் என்னும் எபிரேய நூலாக உருப்பெற்றது. கேரளத்தின் கொச்சி யூதப் பெண்கள் விவிலியக் கதைகளை மலையாளப் பாடல்களாகப் பாடி, அவற்றைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் பாதுகாத்து வந்தனர்.

தொகுப்பு முயற்சிகள்

1602 இல் பாசல் நகரில் அச்சான மாய்செ புக் என்னும் இத்திஷ் நூல் தொடக்ககாலத் தொகுப்புகளுள் புகழ்பெற்றது. களத்துக்கே சென்று மக்களிடம் கேட்டுத் தொகுக்கும் பணியை எஸ். ஆன்ஸ்கி (1863–1920) 1912 இல் பெரிய அளவில் தொடங்கினார். இன்றைய உக்ரைனில் உள்ள வொல்ஹீனியா, பொதோலியா பகுதிகளின் சிற்றூர்களில் அவருடைய குழு கதைகளையும் பாடல்களையும் திரட்டியது. பாடல்களை மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவும் செய்தது. முதல் உலகப் போர் மூண்டதால் 1914 இல் இப்பணி நின்றது. இப்பயணங்களில் கேட்ட நம்பிக்கைகள் அவருடைய திபுக் என்னும் நாடகத்துக்கு அடிப்படையாயின.

1925 இல் வில்னாவை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட யீவோ ஆய்வு நிறுவனம், தன்னார்வத் தொகுப்பாளர் பலரைக் கொண்டு இத்திஷ் கதைகளைச் சேகரித்தது. நாசி ஆக்கிரமிப்பின்போது அதன் ஆவணங்கள் சூறையாடப்பட்டன. அவற்றைத் தரம்பிரிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட யூதர்கள், உயிரைப் பணயம் வைத்து ஒரு பகுதியை மறைத்துக் காத்தனர். ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்ட இனவழிப்பில் பலியானோரில் பெரும்பான்மையினர் இத்திஷ் பேசியவர்கள். இதனால் கதைகளோடு, அவற்றைச் சொல்வோரும் கேட்போரும் சேர்ந்து வாழ்ந்த ஊர்களும் அழிந்தன. செல்ம் நகர யூதருள் பலர் 1942 இல் சோபிபோர் வதைமுகாமில் கொல்லப்பட்டனர்.

1955 இல் தோவ் நோய் (1920–2013) இஸ்ரேல் நாட்டார் கதை ஆவணக் காப்பகத்தை நிறுவினார். ஏமன், ஈராக், மொரோக்கோ, போலந்து முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரிடம் கேட்ட கதைகள், சொன்னவரின் பெயர், பிறப்பிடம் ஆகிய விவரங்களுடன் அங்கு பதிவு செய்யப்பட்டன. இன்று ஹைஃபா பல்கலைக்கழகத்தில் இயங்கும் இக்காப்பகத்தில் 24,000 இற்கும் மேற்பட்ட கதைகள் உள்ளன. 2017 இல் இது யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இலக்கியத்தில் தாக்கம்

1978 இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷவிஸ் சிங்கர் செல்ம் கதைகளையும் பேய்க் கதைகளையும் தம் படைப்புகளில் கையாண்டார். மார்ட்டின் பூபர் ஹசிதியக் கதைகளை மேலை நாட்டு வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். கெர்ஷோம் ஷோலம் 1941 இல் வெளியிட்ட யூத மறைஞானம் பற்றிய நூலின் இறுதியில் ஒரு ஹசிதியக் கதை இடம்பெறுகிறது. முன்னோர் ஒருவர் இடர் வந்தபோது காட்டில் ஓர் இடத்துக்குச் சென்று, தீ மூட்டி, வேண்டுதல் செய்தார். அடுத்த தலைமுறை தீ மூட்டும் முறையை மறந்தது. அதற்கடுத்தது வேண்டுதலையும், பின்னர் வந்தது இடத்தையும் மறந்தன. எஞ்சியது நடந்ததைச் சொல்லும் கதை மட்டுமே. அதுவே போதுமானதாயிற்று என்று அக்கதை முடிகிறது.