காற்றைப் பங்கிட்ட நகரம்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக், காற்றோட்டத்தை நகர நிர்வாகத்தின் கவலையாக்கியது. 1898இல் உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியில் அகன்ற சாலைகளும் இடைவெளி விட்ட கட்டடங்களும் கொண்ட குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் பலர் பின்னர் அங்குக் குடியேறினர். அதன் வடக்கே அடுத்திருக்கும் தாராவிக்கு 1887இலேயே தோல் பதனிடும் தொழில் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பகுதித் தமிழ் முஸ்லிம்கள் அதில் பெரும்பங்கு வகித்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகளும் அங்கே புகைந்தன.

செம்பூரின் பங்கு வேறு. அதன் கிழக்கே தேவனாரில் 1927 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்படுகிறது. அருகிலுள்ள டிராம்பேயில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1956இல் அனல்மின் நிலையமும், 1965இல் உர ஆலையும் இயங்கத் தொடங்கின. காலப்போக்கில் செம்பூருக்கு ‘விஷவாயுக் கூடம்’ என்ற பட்டப்பெயரே நிலைத்தது.

ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு இப்பங்கீடு ஏன் முக்கியம்? மும்பையின் ஈரப்பதத்தில் தூசி உண்ணியும் பூஞ்சையும் எல்லா வட்டாரங்களிலும் வளரும். ஆனால் சன்னலற்ற ஒற்றை அறையில் அவை செழிக்கும். டீசல் புகைத் துகள்களும் ஓசோனும் மூச்சுக்குழலின் உட்படலத்தைப் புண்படுத்தி, அதே ஒவ்வாப்பொருளுக்கு உடல் மேலும் கடுமையாக எதிர்வினையாற்றச் செய்கின்றன. ஆகவே பரம்பரைக் கூறு ஒன்றாக இருப்பினும், மூச்சிரைப்பின் கடுமை வாழிடத்தைப் பொறுத்து மாறக்கூடும்.

1970களில் கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் எஸ்.ஆர். காமத் தலைமையிலான குழு, லால்பாக், செம்பூர், கார் ஆகிய நகர்ப்பகுதிகளையும் ஒரு கிராமப் பகுதியையும் ஒப்பிட்டு, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. மாசு மிகுந்த பகுதிகளில் சுவாசக் கோளாறுகள் அதிகம் காணப்பட்டன.

இந்த அறிவு திட்டமிடுதலை மாற்றியதா? தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்த குடும்பங்கள் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாகுலுக்கு மாற்றப்பட்டன. அங்குள்ள மாசினால் அவர்களைக் கட்டாயமாகக் குடியமர்த்தக் கூடாதெனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தலையிட வேண்டியிருந்தது. 2024இல் மாநில அமைச்சரவை, தேவனார் குப்பைக்கிடங்கு நிலத்தில் 124 ஏக்கரைத் தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒதுக்க ஒப்புதல் அளித்தது. மாட்டுங்காவுக்காக 1898இல் எழுந்த காற்றோட்டக் கேள்வியை, தாராவியிலிருந்து இடம்பெயரவிருப்போரின் சார்பில் இன்று எழுப்ப வேண்டியிருக்கிறது.