ஆக்ஸ்போர்டுத் தோட்டமும் இருப்புப் பாதையும்

பல்கலைக் கழகம் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன மண்டபங்களும் நூலகமும் தேர்வுத் தாள்களுமே. ஆயின், செடி கொடிகளையும் நூல்களைப் போலவே வரிசைப்படுத்திப் பெயரிட்டு மாணாக்கர்க்குக் காட்டும் வழக்கம் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. இத்தாலியில் பைசா, படுவா நகரங்களிலும், ஹாலந்து நாட்டில் லெய்டனிலும் அமைந்த தோட்டங்கள் மருத்துவம் பயில்வோர்க்கென எழுந்தவை. ஒரு மூலிகையை மற்றொன்றாகக் கருதிய மருத்துவனால் நோயாளிக்கு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அவ்வழியில் ஆங்கில நாட்டில் முதன்முதல் தோன்றியது ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத் தோட்டம். நம் சங்கத்தில் ரெயில்வேக் குடும்பத்தினர் பலர் உளர். அவர்கட்கு இவ்வரலாற்றில் தனியானதொரு சுவை உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

1621ஆம் ஆண்டு. பின்னாளில் டான்பிப் பிரபு எனப் பெயர் பெற்ற ஹென்றி டான்வர்ஸ் என்னும் செல்வர், மூலிகைத் தோட்டம் ஒன்று அமைக்க 5,000 பவுன் வழங்கினார். அந்நாளில் அது பெருந்தொகை. செர்வெல் ஆற்றங்கரையில் மாடலின் கல்லூரிக்கு உரியதாய் இருந்த ஐந்து ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. 1290இல் ஆங்கில நாட்டினின்றும் விரட்டப்பட்ட யூத மக்களின் இடுகாடு ஒருகாலத்தில் அவ்விடத்திலேயே இருந்தது. ஆற்று வெள்ளம் புகும் தாழ்ந்த பூமியாதலின், 4,000 வண்டி எருவும் குப்பையும் கொட்டி மேடாக்கினர். பின்பு சுற்றிலும் உயர்ந்த கல்மதில் எழுப்பினர். சிற்பி நிக்கலஸ் ஸ்டோன் அமைத்த அழகிய வாயில் 1633இல் நிறைவுற்றது. அத்துடன் பணமும் நிறைவுற்றது! செடி வாங்கவோ, தோட்டக்காரனுக்குக் கூலி கொடுக்கவோ வழியில்லை. கோபுரம் கட்டி முடித்தபின் விளக்குக்கு எண்ணெய் தேடும் கோயில்களை நாம் அறிவோம்.

இந்நிலையில் 1642இல் பொறுப்பேற்றவர் ஜெர்மானியரான ஜேக்கப் பாபார்ட். ஆண்டுக்கு 40 பவுன் சம்பளம் என்பது ஏட்டில் இருந்தது. அவ்வாண்டிலேயே அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. சம்பளம் ஒழுங்காகக் கைக்கு எட்டவில்லை. பாபார்ட் தோட்டத்தில் விளைந்த பழங்களை விற்று வயிறு வளர்த்தார், செடிகளையும் வளர்த்தார். அவர் பின்னால் நாய்க்குப் பதிலாக ஆடு ஒன்று சுற்றித் திரிந்ததாகச் சொல்வார்கள். தோட்டக்காரனுக்கு ஆட்டைவிடப் பொருந்தாத துணை வேறில்லை என்று எமக்குத் தோன்றுகிறது. எனினும், 1648இல் அச்சான தோட்டப் பட்டியலில் ஏறத்தாழ 1,600 வகைச் செடிகள் இடம்பெற்றன. 1645இல் அவர் நட்ட யூ மரம் இன்றும் பசுமையாய் நிற்கிறது. அத்தோட்டத்தில் மிக மூத்த மரம் அதுவே. யூ நஞ்சுடைய மரம். ஆயினும் அவ்வினத்தின் இலையினின்றும் பெறும் பொருளைக் கொண்டு இந்நாளில் புற்றுநோய்க்கு மருந்து செய்கின்றனர். 1680இல் பாபார்ட் மறைந்த பின் அவர் மைந்தர் அப்பணியை 1719 வரை தொடர்ந்தார். வாயிலின் மேல் டான்பிப் பிரபுவின் உருவமும் இரு மன்னர் சிலைகளும் விளங்குகின்றன. தோட்டக்காரருக்கு அங்கு இடமில்லை. எம் கருத்தில், பிரபு கட்டியது மதில். தோட்டத்தை உண்டாக்கியவர் பாபார்ட்டே.

பின் வந்தோரைச் சுருங்கக் கூறுவோம். 1734இல் டில்லேனியஸ் பேராசிரியரானார். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1736இல் இங்கு வந்து அவரைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டில் டாபனி என்னும் பேராசிரியர் கண்ணாடி வீடுகள் அமைத்து, அமேசான் நதியின் இராட்சத அல்லியை வளர்த்து, ஒரு ஷில்லிங் கட்டணத்துக்குக் காட்டினார். இன்று நாலரை ஏக்கரில் சுமார் 5,000 வகைகள் உள்ளன. குடும்பம் குடும்பமாகப் பாத்தி பிரித்து நட்டிருக்கின்றனர். நம் ஊரில் வேலிக்கு நடும் கள்ளியின் உறவினங்களை அங்கே தேசியத் தொகுப்பாகப் பேணுகின்றனர்!

இனி, முன்னர்க் குறித்த செய்திக்கு வருவோம். சிசிலித் தீவில் எட்னா எரிமலை உளது. அதன் சரிவுகளில் வளரும் இரு செடி இனங்கள் கலந்து பிறந்த, சிறு சாமந்தி போன்ற மஞ்சட் பூவுடைய செடியொன்று, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோட்டத்துக்கு வந்தது. லின்னேயஸ் 1753இல் இதற்குச் சூட்டிய பெயர் செனீசியோ ஸ்குவாலிடஸ். ஸ்குவாலிடஸ் என்றால் இலத்தீன் மொழியில் அழுக்கானது என்று பொருள். அழுக்கென்று பெயர் பெற்ற இச்செடி மதிலுக்குள் அடங்கியிருக்கவில்லை. எருக்கம் பஞ்சு போல் அதன் விதை காற்றில் மிதக்கும். 1794க்குள் நகரத்துக் கற்சுவர்களில் பூத்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் அவ்வூரை விட்டு அதிகம் நகரவில்லை.

1844இல் ஆக்ஸ்போர்டுக்குப் புகைவண்டி வந்தது. தண்டவாளத்தின் இருபுறமும் ஜல்லியும், எஞ்சின் தள்ளிய நிலக்கரிக் கசடும் பரந்து கிடந்தன. எரிமலைக் கசட்டில் பிறந்த செடிக்கு இது தாய்மண் போலாயிற்று. வண்டி ஓடும்போது எழும் காற்று விதையை இழுத்துச் சென்றது. மேற்கு இருப்புப் பாதை வழியே ஊர் ஊராய்ப் பரவி, 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரும்பகுதியை எட்டியது. ஆக்ஸ்போர்டு நகரின் மேயராகவும் இருந்த டுரூஸ் என்னும் தாவரவியலார், வண்டிப் பெட்டிக்குள் அவ்விதை மிதந்து வந்து, டைல்ஹர்ஸ்ட் நிலையம் வரை பயணம் செய்து வெளியேறியதைத் தாமே கண்டு எழுதியுள்ளார். டிக்கட் இல்லாப் பயணி! நம் பாதைகளின் ஓரத்தில் தழைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

கதை இவ்வளவில் முடியவில்லை. புதிய ஊர்களில் இச்செடி, செனீசியோ வல்காரிஸ் என்னும் உள்ளூர்க் களையோடு கலந்தது. அக்கலப்பால் உலகில் வேறெங்கும் இல்லாத புது இனங்களே பிறந்தன. அவற்றுள் ஒன்று 1979இல் யார்க் ரெயில் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காணப்பட்டது. அந்நகரின் இலத்தீன் பெயரால் அதனை செனீசியோ எபோராசென்சிஸ் என்றழைத்தனர். முறைப்படி அறிவியற் பெயர் பெற்றது 2003இல். அதற்குள் களைக்கொல்லி மருந்தால் அது வெளியில் அழிந்துவிட்டது. நல்லூழாக, அதன் விதைகளைச் சிலர் முன்னரே திரட்டிக் கியூ தோட்டத்தாரின் விதைக் களஞ்சியத்தில் வைத்திருந்தனர். அவ்விதைகளிலிருந்து பெருக்கிய செடிகள் 2023இல் யார்க் நகரத்து மண்ணில் மீண்டும் மஞ்சளாய்ப் பூத்தன.