அரசு ஆஸ்பத்திரிக்கு அரசே பணம் கொடுத்தால் தப்பா? ஐரோப்பாவின் மானியச் சட்டம் சொல்வது என்ன?

அரசு மருத்துவமனை நஷ்டத்தில் ஓடுகிறது. அந்த நஷ்டத்தை அரசே ஈடுகட்டுகிறது. இதில் என்ன பிரச்னை வந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இதே விஷயம் 2005-ல் புகாராகி, நீதிமன்றம் வரை போனது. முடிவு வர 11 ஆண்டுகள் ஆனது.

புகார் கொடுத்தவை தனியார் மருத்துவமனைகளின் சங்கங்கள். ஒரே ஊரில், ஒரே மாதிரி சிகிச்சை தரும்போது அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஏன் கூடுதல் பணம் என்பதுதான் அவர்களின் வாதம். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான், காசு இல்லாத நோயாளிக்கு எந்த ஆஸ்பத்திரி கதவு திறக்கும் என்பதும் அடங்கியிருக்கிறது.

'அரசு உதவி' என்றால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் ஒரே சந்தை. அதில் ஒரு நாட்டு அரசு தனக்கு வேண்டிய நிறுவனத்துக்கு மட்டும் பணமோ, வரிச் சலுகையோ கொடுத்தால் மற்ற நிறுவனங்கள் அடிபடும். அதனால் போட்டியைக் குலைத்து, நாடுகளுக்கு இடையிலான வர்த்தகத்தைப் பாதிக்கும் 'அரசு உதவி'க்கு, ஒன்றிய ஒப்பந்தத்தின் 107-வது பிரிவு பொதுவாகத் தடை போடுகிறது.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஐரோப்பிய ஆணையத்திடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் கொடுத்து, அது விதிக்குப் பொருந்தாது என்று பின்னால் முடிவானால், வட்டியோடு திரும்ப வசூலிக்க உத்தரவு வரும். 10 ஆண்டுகள் வரைக்குமான பணத்தைக் கேட்க முடியும்.

ஆஸ்பத்திரி எப்படி 'நிறுவனம்' ஆகும்?

இந்தச் சட்டம், மருத்துவமனையின் உரிமையாளர் யார் என்று பார்ப்பதில்லை. அது சந்தையில் சேவையை விற்கிறதா என்றுதான் பார்க்கிறது. அதனால் நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

ஸ்பெயினில் பொது சுகாதார அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. செலவை அரசும் சமூகப் பாதுகாப்பு நிதியும் பார்த்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட அமைப்பு 'நிறுவனம்' அல்ல என்று 2006-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஸ்லோவாக்கியாவில் சிக்கல் மருத்துவக் காப்பீட்டில் வந்தது. அங்கே அரசுக் காப்பீட்டு நிறுவனத்தோடு லாப நோக்குள்ள தனியார் நிறுவனங்களும் போட்டி போடுகின்றன. போட்டி இருப்பதால் இது வணிகமே என்றது 2018-ல் கீழ் அமர்வு. 2020 ஜூன் 11-ல் மேல் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. காப்பீடு கட்டாயம், சந்தா வருமானத்தைப் பொறுத்தது, சட்டம் தரும் சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றே, அரசின் கண்காணிப்பும் உண்டு. ஆகவே அடிப்படையில் இது சமூகப் பாதுகாப்புத்தான் என்பது தீர்ப்பு.

பெல்ஜியம், ஜெர்மனி போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே நோயாளி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காப்பீட்டிலிருந்து கட்டணம் வரும். அரசு, தனியார் இரண்டும் அதே நோயாளிகளுக்காகத்தான் போட்டி போடுகின்றன. எனவே சட்டம் உள்ளே நுழைந்துவிடுகிறது.

பஸ் வழக்கு காட்டிய வழி

அப்படியானால் பணமே தரக் கூடாதா? இதற்கு வழி காட்டியது ஒரு பஸ் கம்பெனி வழக்கு. ஜெர்மனியின் ஆல்ட்மார்க் வழக்கில் 2003 ஜூலை 24-ல் வந்த தீர்ப்பு, அரசு சுமத்திய கடமைக்கான செலவை மட்டும் ஈடுகட்டினால் அது சலுகை ஆகாது என்றது. அதற்கு 4 நிபந்தனைகள்:

1. பொதுச் சேவைக் கடமை என்ன என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.
2. இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.
3. செலவும் நியாயமான லாபமும் போக ஒரு பைசா கூடுதலாகத் தரக் கூடாது.
4. டெண்டர் விட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால், நன்றாக நடக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆகும் செலவை அளவாக வைக்க வேண்டும்.

நான்காவது நிபந்தனையில்தான் மருத்துவமனைகள் தடுமாறும். இதனால் ஆணையம் 2005-லும், பிறகு 2011 டிசம்பர் 20-லும் தனி விதி கொண்டுவந்தது. அதன்படி மருத்துவமனைக்குத் தரும் இழப்பீட்டுக்கு முன் அனுமதி வேண்டாம். தொகைக்கும் உச்சவரம்பு இல்லை. ஆனால் கடமையை ஒப்படைக்கும் ஆவணம் இருக்க வேண்டும், கூடுதலாகப் பணம் போகவில்லை என்று குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், மற்ற வருமானங்களுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

பிரஸ்ஸல்ஸ் வழக்கு எப்படி முடிந்தது?

பிரஸ்ஸல்ஸில் 'ஐரிஸ்' என்ற பெயரில் 5 அரசு மருத்துவமனைகள் இயங்கி வந்தன. இவற்றின் பற்றாக்குறையை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்க வேண்டும் என்பது பெல்ஜியச் சட்டம். தனியார் தரப்பின் புகாரை ஆணையம் 2009-ல் ஏற்கவில்லை. ஆனால் இவ்வளவு சந்தேகங்கள் இருக்கும்போது முழு விசாரணை இல்லாமல் முடித்தது தவறு என்று 2012 நவம்பர் 7-ல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது.

2014-ல் முழு விசாரணை தொடங்கியது. 2016 ஜூலை 5-ல் அந்தப் பணம் செல்லும் என்று ஆணையம் அறிவித்தது. காரணம் இதுதான்: அவசர சிகிச்சையைத் தனியாரும் மறுக்க முடியாது. ஆனால் அவசரம் இல்லாத சிகிச்சைக்கும், பணம் கட்ட முடியாதவர் உட்பட யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை ஐரிஸ் மருத்துவமனைகளுக்கு மட்டும் இருந்தது. நகரின் பல இடங்களில் சிகிச்சை தர வேண்டும், சமூக உதவிப் பணிகளையும் செய்ய வேண்டும். இந்தக் கூடுதல் சுமைக்குத்தான் கூடுதல் பணம்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்?

அதற்கு ஜெர்மனியின் கால்வ் மாவட்டம் உதாரணம். மாவட்ட மருத்துவமனைகளின் நஷ்டத்தை மாவட்ட நிர்வாகம் ஏற்றதை எதிர்த்துத் தனியார் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 மார்ச் 24-ல் தீர்ப்பு சொன்ன ஜெர்மன் உச்ச நீதிமன்றம், இப்படி உதவலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2012, 2013 ஆண்டுகளுக்கான பழைய ஆவணம் போதுமான அளவு வெளிப்படையாக இல்லை என்று கூறி, அந்தப் பகுதியை மட்டும் மறுவிசாரணைக்கு அனுப்பியது.

ஆக, மக்கள் மருத்துவமனைக்குப் பணம் தருவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. எந்தக் கடமைக்காக, எவ்வளவு, எந்தக் கணக்கில் என்றுதான் கேட்கிறது. ஏழை நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற வரி காகிதத்தில் இருந்தால், அந்தக் கதவைத் திறந்து வைக்கத் தரும் பணத்தை நீதிமன்றத்தில் காப்பாற்ற முடியும். அந்த வரி இல்லாமல் வெறும் நஷ்டக் கணக்கை மட்டும் காட்டினால், போட்டி மருத்துவமனை கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.