பால்ட்டிக் கடைகள்: ஒரு தொழில் வட்டாரத்தின் சாப்பாட்டு வரலாறு

வியாபாரிகள் சங்க மலர் என்றால் முதல் நிட்டிங் மெஷின் ஊருக்கு வந்த கதை தவறாமல் இடம்பிடித்துவிடும். அந்த மெஷினை ஓட்டியவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. சர்ப்ளஸ் லாட் எடுக்க வரும் கேரளப் பார்ட்டிக்கும், ஆப்பிரிக்க வியாபாரிக்கும், நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் டெய்லருக்கும் பசியாற்றும் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கு ஒரு வரலாறு எழுதலாமே என்று மலர்க் குழு கேட்டது. எழுதுவதற்கு முன், இதே வேலையைச் செய்து பார்த்த இன்னொரு தொழில் ஊரைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். கடைகள், பால்ட்டிக் கடைகள்: கறியைச் சமைத்த சட்டியிலேயே மேஜைக்குக் கொண்டுவருபவை.

அந்தக் கடைகளின் கதை ஓர் அணையில் தொடங்குகிறது. பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் ஜீலம் ஆற்றின் குறுக்கே மங்களா அணை 1967-ல் கட்டி முடிக்கப்பட்டபோது, மீர்ப்பூர் வட்டாரத்தில் லட்சம் பேருக்குமேல் வீடு வாசலை இழந்தார்கள். ஏற்கெனவே உறவுக்காரர்கள் பிரிட்டனில் இருந்ததால் பலர் அங்கே போனார்கள். பர்மிங்ஹாமின் பவுண்டரிகளும் கார் தொழிற்சாலைகளும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. ஷிஃப்ட் முடிந்து வருகிற தனி ஆட்களுக்கு வயிறு நிறைய, விலை குறைவாகச் சாப்பாடு வேண்டும். ஆலைகள் ஆட்டம் கண்டபோது, வேலை போனவர்களுக்குக் கைகொடுத்ததும் அடுப்புதான். ஸ்பார்க்புரூக்கையும் பால்சால் ஹீத்தையும் ஒட்டி லேடிபூல் ரோடு, ஸ்டோனி லேன், ஸ்ட்ராட்ஃபோர்டு ரோடு என்று கடைகள் பெருகின. அந்த வட்டாரத்துக்கு ‘பால்ட்டி முக்கோணம்’ என்றே பெயர் வந்தது.

1970-களில் பால்ட்டியைத் தொடங்கியது நாங்கள்தான் என்கிறது ஸ்டோனி லேனில் முகமது ஆரிஃப் நடத்திய அடில்ஸ் என்ற கடை. ‘முதல் கடை’ உரிமைக்கு எல்லா ஊரிலும் போட்டி உண்டு. அதை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

எனக்கு ஈர்ப்பானது சட்டிதான். இரண்டு காது, தட்டையான அடி, மெல்லிய இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தது. பக்கத்து ஊரான ஸ்மெதிக்கில் ஒரு பட்டறையே இதைச் செய்து கொடுத்தது. துணிக்கு ஜி.எஸ்.எம். எப்படியோ, இந்தச் சட்டிக்குத் தகட்டின் கனம் அப்படி. மெல்லிசாக இருப்பதால் சட்டென்று காய்கிறது. வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு சேர்ந்த குழம்பு அடிப்படை முன்பே தயார். தீயை முழுவதும் திறந்துவிட்டு, நெய் இல்லாமல் சாதாரண எண்ணெயில், எலும்பு நீக்கிய கறித்துண்டுகளைப் போட்டுப் புரட்டுகிறார்கள். சட்டி ஓரத்தில் மசாலா லேசாகத் தீய்ந்து ஒட்டுகிறது. அதைச் சுரண்டிக் கறியோடு சேர்த்துவிடுவார்கள். ருசியின் பாதி அங்கேதான். சில நிமிடங்களில் அதே சட்டி கொதித்துக்கொண்டே மேஜைக்கு வருகிறது. வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அது பால்ட்டி இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் தீர்ப்பு.

மேஜையின் கண்ணாடிக்கு அடியில் மெனு அட்டை. ஸ்பூன், முள்கரண்டி கேட்டால் தருவார்கள், ஆனால் சாப்பிடுகிறவர்கள் நானைப் பிய்த்துத் தோய்த்துத்தான் உண்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் மேஜையையே மூடுகிற மாதிரி ஒரே நான். மதுக்கடை உரிமம் இல்லாத கடைகள், குடிக்க வேண்டியதை நீங்களே கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டன. வெள்ளைக்காரத் தொழிலாளியும் மாணவரும் உள்ளே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு நாடெங்கும் சூப்பர் மார்க்கெட் பாட்டில்களில் ‘பால்ட்டி சாஸ்’ வந்தது. வார்ப்பிரும்புச் சட்டியில் பரிமாறியும் அதே பெயரைச் சொன்னார்கள். பர்மிங்ஹாம்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரிய உணவு முத்திரைக்கு 2010-களில் விண்ணப்பித்தார்கள். அந்த முத்திரைக்கு முப்பது ஆண்டுப் புழக்கம் இருந்தால் போதும், ஆயிரமாண்டுப் பழமை தேவையில்லை. ஆனாலும் கைகூடவில்லை. நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது என்பதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. ஆண்டி மன்ரோ என்ற உள்ளூர்க்காரர் 2015-ல் இந்தக் கடைகளின் கதையைப் புத்தகமாக எழுதி வைத்தார். எழுதியவர் கடைக்காரர் இல்லை, வாடிக்கையாளர். முக்கோணத்தில் இன்று பழைய முறையில் சமைக்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெருவில் இனிப்புக் கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்துவிட்டன.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு கேள்வி இருக்கிறது: எது அசல்? பவர்லூம் ஊரான பள்ளிபாளையத்தின் பெயரில் ஒரு கோழிக்கறி எல்லா மெஸ்ஸிலும் கிடைக்கிறது. சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு. மசாலாத் தூளுக்கு அதில் வேலையே இல்லை. திருப்பூரில் நான் சாப்பிட்ட பல தட்டுகளில் கரம் மசாலாவும் தக்காளியும் நீந்துகின்றன. அசல் எது என்று சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டியது அடுத்த மலரின் வேலை.

லெஸ்டரில் பையரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அங்கிருந்து பர்மிங்ஹாம் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைக்குள் போனதும் மெனுவைப் பார்க்காதீர்கள், பக்கத்து மேஜைச் சட்டியைப் பாருங்கள். மெல்லிசாக, கருத்து, ஓரம் தீய்ந்து இருந்தால் உட்காருங்கள்.