உடற்பயிற்சி ஊட்டத்தில் அமினோ அமிலங்கள்

அமினோ அமிலங்கள் புரதத்தின் அடிப்படை அலகுகளாகும். நைட்ரஜனைக் கொண்ட இச்சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து, அச்சங்கிலிகள் குறிப்பிட்ட வடிவில் மடிவதாலேயே தசையிழை, நொதி, எதிர்ப்பொருள் முதலிய புரதங்கள் அமைகின்றன. இவற்றில் பொதுவாக இடம்பெறும் 20 அமினோ அமிலங்களுள் லியூசின், ஐசோலியூசின், வாலின், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், ஹிஸ்டிடின் ஆகிய ஒன்பதையும் உடல் தனக்குத் தேவையான அளவில் ஆக்கிக்கொள்ள இயலாது என்பதால், அவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. அமெரிக்க உயிர்வேதியியலார் வில்லியம் ரோஸ், அன்று அறியப்பட்டிருந்த அமினோ அமிலங்களைக் கலந்து ஊட்டியும் எலிகள் வளராததைக் கண்டு, பால் புரதத்தில் மறைந்திருந்த பொருளைத் தேடிச் சென்று, 1935இல் திரியோனினை அடையாளம் கண்டார். ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் பயன் தடைபடும் என்பதை அந்த எலிகள் அன்றே காட்டிவிட்டன. பிற்காலத்துப் புரத மாவு வணிகம் பெரும்பாலும் மறந்துவிட்ட உண்மையும் இதுவே.

தசைப்புரதம் ஓயாமல் சிதைந்தும் புதிதாக ஆக்கப்பட்டும் வருகிறது. எடைப்பயிற்சி, புரத ஆக்கத்தின் வேகத்தை ஒரு நாளும் அதற்கு மேலும் உயர்த்தி வைத்தாலும், உணவு உட்கொள்ளாத நிலையில் சிதைவே ஆக்கத்தை விஞ்சி நிற்பதால், பயிற்சியும் உணவும் சேர்ந்தால்தான் தசை வளரும். இவ்வாக்கத்தைத் தூண்டுவதில் லியூசின் மற்ற அமினோ அமிலங்களை விஞ்சுகிறது. அது கட்டுமானப் பொருளாக மட்டுமின்றிக் குறிகையாகவும் செயல்பட்டு, எம்டார் என்னும் புரதத் தொகுதியை முடுக்கிவிடுகிறது; ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட ராபமைசின் என்னும் மருந்து எதைத் தடுக்கிறது என்று ஆராய்ந்தபோது வெளிப்பட்டதே அத்தொகுதியாகும். ஒரு வேளை உணவில் சுமார் 2 முதல் 3 கிராம் லியூசின் இருந்தால் இத்தூண்டல் நன்கு நிகழ்கிறது.

லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. உடற்பயிற்சிக் கூடங்களில் பி.சி.ஏ.ஏ. என்ற பெயரில் 2:1:1 விகிதத்தில் விற்கப்படும் மாவு இவற்றின் கலவையே. பெரும்பாலான அமினோ அமிலங்கள் கல்லீரலிலேயே சிதைக்கப்பட, இவற்றைச் சிதைக்கத் தொடங்கும் நொதி கல்லீரலில் மிகக் குறைவாக இருப்பதால், இவை தசைக்குச் சென்று அங்கே பயன்படுகின்றன. இதிலிருந்தே இவை தசைக்குரிய தனி ஊட்டம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் தூண்டல் கிடைத்த பின் கட்டுவதற்கு ஒன்பதும் வேண்டும். எஞ்சிய ஆறும் உணவில் வராவிட்டால் உடல் தன் தசையைச் சிதைத்தே அவற்றைப் பெற முடியும். இக்காரணத்தை முன்வைத்து, கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் தனித்துத் தசையை வளர்க்கும் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை என்று 2017இல் ஆய்வாளர் ராபர்ட் உல்ஃப் வாதிட்டார். போதிய புரதம் உண்பவருக்கு இம்மாவு வீண் செலவு என்பதே நேர்மையான மதிப்பீடாகும்.

முழுப் புரதத்தின் நிலை வேறு. பால் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரில் தங்குகிறது. அதை உலர்த்திப் பெறும் வே புரோட்டீனில் ஒன்பதும் நிறைந்து, லியூசின் மட்டுமே பத்து விழுக்காட்டளவு இருப்பதோடு, விரைவில் செரிக்கவும் செய்கிறது. எனினும் அதுவும் உணவின் செறிவூட்டிய வடிவமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடைப்பயிற்சி செய்வோருக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தெரியவில்லை என்று 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கண்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இவை முறையே 50, 96 கிராம். அரிசியில் குறையும் லைசினை உளுந்தும், உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசியும் ஈடுசெய்வதால் இட்லியின் புரதத் தரம் உயர்கிறது. ஆயினும் ஓர் இட்லியில் இரண்டு கிராமளவே புரதம் இருப்பதால், முட்டை, மீன், சுண்டல், தயிர், சோயா போன்றவையே அளவை நிறைவு செய்ய வேண்டும்.

அமினோ அமிலங்களைச் சார்ந்த துணையூட்டங்களுள் உறுதியான ஆதாரம் பெற்றது கிரியாட்டின். ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் ஆகியவற்றிலிருந்து உடலே ஆக்கும் இப்பொருளை 1832இல் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தார். தசையில் பாஸ்பேட்டுடன் சேர்ந்து தங்கும் இது, சில நொடிகளே நீடிக்கும் கடும் முயற்சியின்போது செலவாகும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். சைவ உணவினரின் தசையில் இருப்பு குறைவென்பதால் அவர்களிடம் உயர்வு கூடுதலாகத் தெரிகிறது. இதை உட்கொள்வோரின் இரத்தப் பரிசோதனையில் ‘கிரியாட்டினின்’ என்னும் பொருளின் அளவு சற்றே உயர்ந்து, சிறுநீரகக் கோளாறெனத் தவறாகக் கருதப்படலாம் என்பதால் மருத்துவரிடம் முன்னரே தெரிவிப்பது நலம். பீட்டா அலனின் ஓரிரு நிமிடங்கள் நீளும் கடும் பயிற்சியில் சிறிது உதவி, தோலில் ஊரல் போன்ற உணர்வையும் தருகிறது. குளுட்டமினால் நலமுள்ளவரின் தசை வளர்ச்சிக்குப் பயனேதும் நிறுவப்படவில்லை.

இத்துணையூட்டங்களின் தரம் பற்றிய சிக்கல் அளக்கும் முறையிலேயே தொடங்குகிறது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த முறை, பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரத அளவாகக் கணக்கிடுகிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதை அது பிரித்தறியாததால், மலிவான கிளைசினையோ டாரினையோ கலந்து புரத அளவைக் கூட்டிக்காட்டும் மோசடி எளிதாகிறது. தூய்மைக் கேட்டின் விளைவு இன்னும் கொடியது: 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபேன் மாத்திரை உட்கொண்ட 1,500க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியுடன் கூடிய நோய்க்கு ஆளாகி, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அது ஜப்பானில் தயாரான ஒரே நிறுவனத்தின் சரக்குடன் தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இப்பொருட்கள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருவதால், உறையில் அதன் 14 இலக்க உரிம எண் இருத்தல் வேண்டும். போட்டிகளில் பங்கேற்கும் வீரரின் உடலில், மாவில் கலந்திருந்த தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டால், அவர் அதை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி பொறுப்பு அவரையே சாரும்.