படப்புள்ளியும் ஓவியமும்

ஓவியன் துணியில் இட்ட வண்ணத்தைத் துணியே தாங்கி நிற்கும். கணனித்திரையிலோ ஒளி தோன்றிய கணத்திலேயே மறையத் தொடங்குகின்றது. அதனை நிலைபெறச் செய்தற்கு ஒவ்வொரு புள்ளியின் நிறமும் நினைவகத்தில் எண்ணாகக் குறிக்கப்பட்டு, இடையறாது திரைக்கு அனுப்பப்படல் வேண்டும். ஆதலின் கணனி ஓவியத்தின் வரலாறு பெரிதும் நினைவகத்தின் வரலாறேயாம்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நியமங்கள் பணியகத்தில் றசல் கேர்ச்சும் அவர் குழுவினரும் ஒரு குழந்தையின் நிழற்படத்தை, நீளத்தில் 176உம் அகலத்தில் 176உமாகப் புள்ளிகளாய்ப் பகுத்துக் கணனியுள் ஏற்றினர். படம் எண்ணாயிற்று, எனினும் அஃது உள்ள படத்தைப் பதிந்ததேயன்றிப் புதியதை வரைந்ததன்று. 1963இல் ஐவன் சதர்லண்டு மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் ‘சிகெச்பாட்’ என்னும் செய்நிரலை விளக்கினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையவும் வரைந்ததைத் திருத்தவும் அது வழிவகுத்தது. கைக்குத் திரை மறுமொழி கூறிற்று. ஆயினும் அச்சித்திரம் கோடுகளாலும் வட்டவில்களாலும் ஆயதே. வண்ணத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இவ்விரண்டையும் இணைத்தவர் றிச்சாட் சூப். செறொக்சு நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் அவர் அமைத்த ‘சூப்பர்பெயின்ற்’ 1973இல் தன் முதற்படத்தைக் காட்டிற்று. அதன் நினைவகம் ஏறத்தாழ 3 இலட்சம் புள்ளிகளைக் கொண்டது. புள்ளியொன்றுக்கு 8 இருமக்கூறுகள் வீதம் 256 நிறங்கள் கிடைத்தன. பலகைமீது எழுதுகோல் நகருந்தோறும், தூரிகையின் வடிவிற்குட்பட்ட புள்ளிகளின் எண்களைச் செய்நிரல் மாற்றும். அடுத்த கணமே திரை மாறும். எண்ணுக்குரிய நிறத்தை நிறப்பட்டியலில் மாற்றின், அவ்வெண்ணைத் தாங்கிய புள்ளிகள் யாவும் ஒருங்கே நிறம் மாறும். வரைந்த படத்தைத் திரும்ப வரையாமலே அசைவு தோன்றச் செய்யவும் இதனால் இயன்றது.

அதே நிலையத்தில் அதே ஆண்டில் உருவான ‘அல்ரோ’ கணனி, 606க்கு 808 புள்ளிகளைக் கறுப்பு வெள்ளையிற் காட்டிற்று. புள்ளிக்கு ஓர் இருமக்கூறே போதுமாயிருந்தும், கணனியின் நினைவகத்தில் ஏறத்தாழப் பாதியை அத்திரையே விழுங்கிற்று. நினைவகம் அத்துணை அரிதாயிருந்த காலத்தில் வண்ணம் மிகைச்செலவாகத் தோன்றியது வியப்பன்று. அலுவலகப் பணிக்குக் கறுப்பு வெள்ளையே போதும் என நிறுவனம் கருதிற்று. 1974இல் சூப்பர்பெயின்ற்றில் வரைய வந்த அல்வி றே சிமித்து, 1975இல் வெளியேறி நியூயோர்க்குத் தொழினுட்ப நிறுவகத்தை அடைந்தார். அங்கு 8 இருமக்கூற்று நினைவகங்கள் மூன்றை இணைத்துப் புள்ளிக்கு 24 ஆக்கினர். பெறத்தக்க நிறங்கள் 1,67,77,216 ஆயின. சிமித்து 1986இல் ‘பிக்சார்’ நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரானார்.

நிறுவனத்தார் அன்றைய விலையைக் கணித்ததில் தவறில்லை; அவ்விலை வீழும் விரைவையே அவர்கள் கணிக்கவில்லை. அன்று ஆய்வுக்கூடங்களுக்கும் அரிதாயிருந்த 24 இருமக்கூற்று நிறம் இன்று மாணவரின் கைபேசியிலும் உண்டு. பயன் புலப்படுமுன் ஒரு கருவியை மிகையென்று தள்ளுவோர் அதனோடு ஒரு கலையையும் தள்ளிவிடக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.